தாம்பரத்துத் தண்ணீர்: வரவு, செலவு, விடுபட்ட பக்கம்

20 லிட்டர் கேன் ஒன்று 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேலையூரில் 30-க்கும் கிடைக்கும், மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தால் 40-ம் ஆகும். 35 என்றால் ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு கிலோ லிட்டர், 1,750 ரூபாய். மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு விற்க 2010-இல் தொடங்கிய நிலையத்தின் ஒப்பந்தத்தில், தொடக்க விலை கிலோ லிட்டருக்கு 48 ரூபாய் 74 காசு. கடலைக் காய்ச்சாத குறையாகப் பிழிந்தெடுத்த அந்தத் தண்ணீரைப் போல 36 மடங்கு விலை கொடுத்துத்தான் தென்சென்னைப் புறநகர் தாகம் தீர்த்துக்கொள்கிறது. இதை எந்த நிதிநிலை அறிக்கையிலும் பார்க்க முடியாது. வீட்டு மளிகைக் கணக்கில், பால் பாக்கெட்டுக்கு அடுத்த வரியில் இருக்கிறது.

நான்கு பேர் கொண்ட வீடு இரண்டு நாளைக்கு ஒரு கேன் வாங்கினால் மாதம் 15 கேன், 525 ரூபாய், 300 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு மத்திய அரசின் வழிகாட்டி நெறி ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்கிறது. அந்தக் கணக்கில் அதே வீட்டின் மாதத் தேவை 16,200 லிட்டர். கேன் தண்ணீர் அதில் 2 விழுக்காடுகூட இல்லை. அந்த 2 விழுக்காட்டுக்கே 525 ரூபாய் என்றால் மீதிக்கு? குழாயில் கொஞ்சம், போர் தண்ணீர் கொஞ்சம், கோடையில் லாரி. 12,000 லிட்டர் லாரி 1,500 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் கிலோ லிட்டர் 125 ரூபாய். தேவையில் பாதி லாரியில் வந்தால் அந்த மாதம் இன்னொரு ஆயிரம் ரூபாய். ஃபிளாட் என்றால் இது மெயின்டனன்ஸ் கட்டணத்துக்குள் ஒளிந்துகொள்ளும். தனி வீடு என்றால் லாரிக்காரர் கையில் நேராகப் போகும்.

இதோடு முடியவில்லை. செப்டிக் டேங்க் நிரம்பினால் இன்னொரு லாரி வரும். தண்ணீரைக் கொண்டுவர ஒரு லாரிக்கும் அதே தண்ணீரைக் கொண்டுபோக ஒரு லாரிக்கும் ஒரே வீடு பணம் கட்டுகிறது. ஊரின் தண்ணீர்ப் பேரேட்டில் விடுபட்டுப்போன பக்கம் இந்த இரண்டாவது லாரியில்தான் ஏறிப் போகிறது என்பது என் கட்சி. அதற்கு முன் மற்ற பக்கங்களைப் பார்த்துவிடலாம்.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். மொத்தம் 87.64 சதுர கிலோமீட்டர், 70 வார்டுகள். 2011 கணக்கெடுப்பில் இந்தப் பகுதிகளின் மக்கள்தொகை 7 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2021-இல் எடுக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்று தண்ணீர்த் திட்டம் போடுகிற எவரும் ஊகத்தின் மேல்தான் குழாய் போடுகிறார்கள். கணக்குக்கு வசதியாக 10 லட்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். பெருங்களத்தூரில் முளைக்கும் அடுக்குமாடிகளைப் பார்த்தால் இது அதிகமாகத் தோன்றாது.

10 லட்சம் பேர், ஆளுக்கு 135 லிட்டர்: நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர். ஆண்டுக்கு 4,927 கோடி லிட்டர். அணைக்கணக்கு பேசுகிறவர்களுக்கு 1.74 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது 2,832 கோடி லிட்டர்; ஆண்டு முழுக்கச் சமமாகப் பிரித்தால் நாளொன்றுக்கு 7.76 கோடி லிட்டர். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் அமைச்சர்களின் டிஎம்சி பேச்சையும் பொறியாளர்களின் லிட்டர் பேச்சையும் ஒரே தராசில் நிறுத்தலாம்.

இனி வானம். சென்னை வட்டாரத்தின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். மாநகராட்சிப் பரப்பின்மேல் அது கொட்டும் தண்ணீர் 12,270 கோடி லிட்டர், 4.3 டிஎம்சி. தேவையைப் போல இரண்டரை மடங்கு. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரம் மழைமானியில் பதிவானது 49 சென்டிமீட்டர். மாநகராட்சி எல்லை முழுக்க அதே அளவு பெய்தது என்று கொண்டால் (உண்மையில் இடத்துக்கு இடம் மாறும்) 4,294 கோடி லிட்டர். இன்றைய தேவையில் 318 நாளுக்கு ஆகும் தண்ணீர் ஒரே நாளில் விழுந்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அன்று எப்படிக் கிடந்தன என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் அடையாற்று வழியே கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

மழையைப் பிடித்து வைத்தால் போதுமே, சாக்கடைத் தண்ணீர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு உற்சாகம் தரும். எனக்கும் ஏரிகள் மேல் ஆசைதான். பீர்க்கன்காரணை, இரும்புலியூர், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், கீழ்க்கட்டளை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளைக் கட்டி வைத்தவர்கள் நம் முன்னோர். ஆனால் அவை பாசனத்துக்கு வெட்டிய ஏரிகள், ஆழம் குறைவு. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுவதை அடுத்த செப்டம்பர்வரை வெயிலுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது அவற்றால் ஆகாது. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே 200 அடி ரேடியல் சாலையே போகிறது. நிலத்துக்குள் இறக்கலாம் என்றால், கீழே கடினப் பாறை. சார்னோகைட் என்று உலகப் புவியியல் நூல்களில் பெயர் பெற்ற பாறைக்குத் தாய்வீடே பரங்கிமலையும் பல்லாவரமும்தான். மேலடுக்கின் சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் தங்கும் நீர்தான் நம் போர்வெல்லுக்கு வருவது. மழைநீர்ச் சேகரிப்பு அந்த மேலடுக்கை நிரப்பும், கிணற்றைக் காப்பாற்றும். 10 லட்சம் பேருக்கான சேமிப்புக் கிடங்காக அது ஒருநாளும் ஆகாது.

ஆகவே வெளியிலிருந்து வரும் வரவு. தாம்பரத்துக்கு வழிவழியாகப் பாலாறு. ஆற்றுமணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியே வருகிறது. மணல் இருக்கும்வரை, ஆற்றில் ஏதாவது ஓடும்வரை அது நல்ல தண்ணீர். அடுத்தது சென்னைக் குடிநீர் வாரியத்தின் கையிருப்பு: பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நான்கும் ததும்பினால் 11.26 டிஎம்சி. 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை 500 மில்லியன் கன அடி சேர்த்தது. 2004-இலிருந்து வீராணம் ஏரியிலிருந்து 230 கிலோமீட்டர் குழாயில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வர வழி இருக்கிறது. கிருஷ்ணா நதிநீர் ஒப்பந்தம் 1983-இல் கையெழுத்தானது, தண்ணீர் 1996-இல்தான் தமிழக எல்லையைத் தொட்டது. ஆண்டுக்கு 12 டிஎம்சி என்பது ஏட்டில் உள்ள அளவு, வாய்க்காலில் அது முழுசாக வருவது அரிது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நோய் ஒன்று. ஒரு பருவமழை பொய்த்தால் எல்லாக் கணக்கும் ஒரே சமயத்தில் காலியாகும். 2018 வடகிழக்குப் பருவமழை கைவிட்டது. 2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் சேர்த்துக் கொள்ளளவில் 1 விழுக்காடுகூட இல்லை. நகரத்தின் தினசரி வழங்கல் 83 கோடி லிட்டரிலிருந்து 52.5 கோடிக்கு இறங்கியது. சிக்கராயபுரத்துக் கல்குவாரிக் குட்டைகளைக்கூட இறைத்துச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்தார்கள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்து நின்றது, மாலை மரியாதையோடு. ஒரு நடைக்கு ரயில்வேக்கு சுமார் 7.5 லட்சம் ரூபாய் என்று அப்போது செய்தி வந்தது. அப்படியானால் சரக்குக் கட்டணம் மட்டும் கிலோ லிட்டருக்கு 300 ரூபாய். அதே தண்ணீர் தாம்பரத்துக்கு மட்டும் என்று கொடுத்திருந்தால், 25 லட்சம் லிட்டர் நம் தேவையில் 27 நிமிடத்துக்குக் காணும்.

பருவமழை பொய்த்தால் என்ன ஆகும் என்ற பயம்தான், 2019-க்கு முன்பிருந்தே, சென்னையைக் கடலை நோக்கித் திருப்பியது. மீஞ்சூர் 10 கோடி லிட்டர், நெம்மேலி 2013-இல் 10 கோடி லிட்டர். நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டரில் இரண்டாவது நிலையம் 2024 பிப்ரவரியில் திறந்தது: 1,516.82 கோடி ரூபாய், 9 லட்சம் பேருக்கு. வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று நம் எல்லையை உரசிக்கொண்டு அந்தக் குழாய் போகிறது. அதன் பக்கத்திலேயே பேரூர்: 40 கோடி லிட்டர், 4,276.44 கோடி ரூபாய், ஜப்பானின் ஜைக்கா கடன், 2023 ஆகஸ்டில் அடிக்கல். பயன்பெறுவோர் 22.67 லட்சம் என்றும், அதில் தாம்பரம் மாநகராட்சியும் சேர்த்தி என்றும் அரசு அறிவித்தது.

வகுத்துப் பார்க்கலாம். பேரூரில் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் திறனுக்கு 107 கோடி ரூபாய். நெம்மேலி இரண்டாவது நிலையத்தில் 101 கோடி. தலைக்குப் பார்த்தால் பேரூரில் 18,860 ரூபாய். 30 ஆண்டு, 6 விழுக்காடு வட்டி என்று வைத்தால் முதலீடு மட்டும் கிலோ லிட்டருக்கு 21 ரூபாய் வரும். (ஜைக்கா வட்டி இதைவிட மிகக் குறைவு. இந்தத் தள்ளுபடி அடுத்த திட்டத்துக்கும் கிடைக்கும் என்று எழுதித்தர யாரும் இல்லை.) மின்சாரம்: கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தித் தள்ள இன்றைய நல்ல நிலையங்கள் கிலோ லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் தின்னும். 3.5 யூனிட், யூனிட் 7 ரூபாய் என்றால் 24 ரூபாய் 50 காசு. இரண்டும் சேர்ந்து 46. சவ்வு மாற்றுவது, ரசாயனம், ஆள் கூலி, நெம்மேலிக் கரையிலிருந்து கடல்மட்டத்துக்கு மேல் 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாம்பரம்வரை ஏற்றும் செலவு எல்லாம் சேர்ந்தால் 55, 60 என்று போகும். கேன் விலையின் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. பருவமழை பொய்த்தாலும் கடல் வற்றாது. பேரூர் வரட்டும், வரவேண்டும்.

ஆனால் அதே விலைப்பட்டியலில் இன்னொரு சரக்கும் இருக்கிறது. 2019 அக்டோபரில் கொடுங்கையூரிலும் நவம்பரில் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனில் மூன்றாம் நிலை சுத்திகரிப்பு நிலையங்கள் திறந்தன. உள்ளே போவது கழிவுநீர். வடிகட்டி, மீநுண் வடிகட்டல், ஆர்.ஓ. எல்லாம் கடந்து வெளியே வருவது தொழிற்சாலைக் கொதிகலனுக்குத் தகுந்த தண்ணீர். கொடுங்கையூர்த் தண்ணீர் மணலி-மீஞ்சூர்ப் பக்கம் போகிறது. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு. செலவு முறையே சுமார் 348 கோடி, 486 கோடி. ஒரு கோடி லிட்டருக்கு 77 கோடியும் 108 கோடியும். கோயம்பேட்டுக் கணக்கு கூடியதற்கு ஒரகடம்வரை ஓடும் நெடுங்குழாயும் ஒரு காரணம். இது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலேயே நகரக் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. இரண்டு புது நிலையங்களும் முழுத் திறனில் ஓடினால், ஆண்டுக்கு 1.16 டிஎம்சி நல்ல தண்ணீர் தொழிற்சாலை வாயிலிருந்து தப்பி வீடுகளுக்கு மிஞ்சும். தேர்வாய்கண்டிகையைப் போல இரண்டு ஏரிக்கும் மேல்.

முதலீட்டில் கடலும் கழிவும் ஏறக்குறைய ஒரே விலை. வித்தியாசம் மின்கட்டணத்தில். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நகரக் கழிவுநீரில் ஒன்று, ஒன்றரை கிராம். உப்பைத் தள்ளத்தான் அழுத்தம், அழுத்தத்துக்குத்தான் மின்சாரம். கழிவுநீரை இரண்டாம் நிலைவரை சுத்திகரிப்பது எப்படியும் சட்டப்படி செய்தாக வேண்டிய வேலை. அதற்குமேல் குடிக்கும் தரத்துக்கு உயர்த்தக் கிலோ லிட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் போதும். 1.2 யூனிட் என்றால் 8 ரூபாய் 40 காசு.

தாம்பரத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறேன். 13.5 கோடி லிட்டர் வீட்டுக்குள் போனால் வழக்கமான பொறியியல் கணக்கில் 80 விழுக்காடு, அதாவது 10.8 கோடி லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். ஆர்.ஓ.வில் 75 விழுக்காடு நல்ல நீராகத் தேறினால் 8.1 கோடி லிட்டர். ஆண்டுக்கு 1.04 டிஎம்சி. ஊரின் தேவையில் 60 விழுக்காடு. இதே அளவைக் கடலிலிருந்து எடுப்பதைவிட நாளொன்றுக்கு 1.86 லட்சம் யூனிட் மிச்சம்; 7 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 47 கோடி ரூபாய்க்கு மேல். குடிநீர் என்றால் புற ஊதாக் கதிரும் பெராக்சைடும் கொண்டு கடைசிக் கட்டம், ஓயாத ஆய்வகப் பரிசோதனை, மிஞ்சும் உப்புக் கரைசலை அப்புறப்படுத்துவது என்று கூடுதல் செலவு உண்டு. கிலோ லிட்டருக்கு 12 ரூபாய் அதற்கென்று தாராளமாக ஒதுக்கினாலும், என் கணக்கில் 40 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது.

கோடையில் கழிவுநீரும் குறையுமே என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2019-இல் வழங்கல் 37 விழுக்காடு சுருங்கியபோது சாக்கடையும் சுருங்கத்தான் செய்தது. ஆனால் ஏரி 99 விழுக்காடு சுருங்கிய ஆண்டு அது. மோசமான ஆண்டில் எந்த வரவு எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் நீண்டகாலத் திட்டத்தில் பார்க்கவேண்டிய எண், நல்ல ஆண்டின் கொள்ளளவு இல்லை.

இப்போது விடுபட்ட பக்கத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன 10.8 கோடி லிட்டர் ஓரிடத்தில் வந்து சேர்ந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். பழைய பல்லாவரம் நகராட்சிப் பகுதியில் பாதாளச் சாக்கடை உண்டு. தாம்பரத்தில் ஒரு பகுதிக்கு உண்டு. சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் நெடுங்காலம் செப்டிக் டேங்க்தான் ஆட்சி. அங்கே கழிவுநீர் நிலத்துக்குள் இறங்கிப் பக்கத்து வீட்டுப் போர்வெல்லில் ஏறுகிறது, மழைநீர் வடிகாலுக்குள் கள்ளத்தனமாக நுழைந்து ஏரிக்குப் போகிறது, இல்லையென்றால் லாரி ஏறுகிறது. செம்பாக்கம் ஏரியையும் சிட்லபாக்கம் ஏரியையும் சீரமைக்கப் போனவர்களுக்கு முதல் தலைவலியே வரத்துக் கால்வாயில் வந்த சாக்கடைதான்.

பாதாளச் சாக்கடையை நாம் சுகாதாரத் திட்டம் என்ற தலைப்பில் எழுதுகிறோம். தெருவைத் தோண்டிப் போடும் தொல்லை, இணைப்புக்கு டெபாசிட் கட்டணம், மூடாத பள்ளம் என்றுதான் மக்களுக்கு அது தெரியும். அதையே தண்ணீர்ப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தாம்பரத்தில் சாக்கடை இணைப்பு 10 விழுக்காடு கூடினால், பிற்பாடு சுத்திகரித்து எடுக்கக்கூடிய குடிநீர் நாளொன்றுக்கு 81 லட்சம் லிட்டர் கூடுகிறது. ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 60,000 பேருக்கு. அதே 81 லட்சம் லிட்டர் திறனைக் கடலோரத்தில் கட்டவேண்டுமானால் பேரூர் விலையில் 87 கோடி ரூபாய். ராஜகீழ்ப்பாக்கத்துத் தெருவில் ஜேசிபி தோண்டும் பள்ளத்துக்குள் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒப்பந்தப் புள்ளி கோரும் எந்த ஆவணத்திலும் எழுதுவதில்லை.

உலகத்தில் இதைச் சாதித்த ஊர்கள் முதலில் சாக்கடை, பிறகு சுத்திகரிப்பு என்ற வரிசையில்தான் நடந்தன. சிங்கப்பூர் 1997-க்குள் எல்லா வீடுகளையும் கழிவுநீர்க் குழாயில் சேர்த்துவிட்டது. 2000-இல் பிடோக்கில் சோதனை நிலையம், 2003-இல் நியூவாட்டர் வழங்கல். இன்று நாட்டின் தேவையில் 40 விழுக்காடுவரை அதனால் ஈடுகட்ட முடியும். அதில் பெரும்பகுதி மின்னணுச் சில்லு ஆலைகளுக்குப் போகிறது; வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கங்களில் கலந்து, மறுபடி சுத்திகரித்துக் குழாய்க்கு வருகிறது. நமீபியாவின் விந்தோக் 1968-இலிருந்தே ஏரிகூட நடுவில் இல்லாமல் நேராகக் குடிநீர்க் குழாயில் கலக்கிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டி 2008-இல் தொடங்கி 2023-இல் நாளொன்றுக்கு 49 கோடி லிட்டரை எட்டியது; அந்த நீரை நிலத்தடி மணல் அடுக்குக்குள் செலுத்துகிறார்கள். எதிர்க்கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தூவூம்பாவில் 2006-இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், 62 விழுக்காடு பேர் வேண்டாம் என்றார்கள். பெங்களூரு 2018-இல் நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் திட்டமிட்டுக் கழிவுநீரைக் கோலார் ஏரிகளுக்கு அனுப்பத் தொடங்கியது, ஆனால் இரண்டாம் நிலை சுத்திகரிப்போடு நிறுத்திக்கொண்டது. அளவில் பிரமாண்டம். குடிநீர் என்று அதைச் சொல்ல முடியாது.

சென்னையிலும் குடிநீரை நோக்கி ஓர் அடி வைத்தாயிற்று. நெசப்பாக்கத்திலும் பெருங்குடியிலும் தலா ஒரு கோடி லிட்டரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்துப் போரூர் ஏரிக்கும் பெருங்குடி ஏரிக்கும் விடுவது என்று வாரியம் திட்டம் எடுத்தது. நகரத்தின் பழைய 12 கழிவுநீர் நிலையங்களின் மொத்தத் திறன் 72.7 கோடி லிட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் 2 கோடி என்பது நுனிநாக்கு ருசிதான்.

ருசி என்றதும் அருவருப்பு நினைவுக்கு வரும். சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள். சுவரில் மாட்டிய ஆர்.ஓ. மெஷினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வடிகாலுக்குள்ளோ பாத்திரம் கழுவும் வாளிக்குள்ளோ சொட்டிக்கொண்டிருக்கும். மேலே குவளையில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனாவை முக்கினால் 60, 80 காட்டும். வாளியில் முக்கினால் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் இப்படிப் போகிறது. 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டி.டி.எஸ். 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம் என்றும், மற்ற இடங்களில் 60 விழுக்காடாவது தேற வேண்டும் என்றும் சொன்னதற்கு இந்த வீணடிப்பே காரணம். தாம்பரத்தின் இரண்டரை லட்சம் வீடுகளில் பாதியில் மெஷின் ஓடி, வீட்டுக்கு 25 லிட்டர் வீணானால் நாளொன்றுக்கு 31 லட்சம் லிட்டர். ரயிலில் வந்ததைவிட அதிகம்.

அந்த மெஷினுக்குள் போகும் போர்வெல் தண்ணீரில் செப்டிக் டேங்க் கசிவு கலந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மெஷின்மேல் உள்ள நம்பிக்கையில்தான் குடிக்கிறோம். சேவை ஆள் எப்போது மெம்பரேன் மாற்றினார் என்று கேட்டால் பாதி வீட்டில் பதில் இருக்காது. ஆக, கழிவுநீர் கலந்த தண்ணீரை ஆர்.ஓ. போட்டுக் குடிக்கும் ஊராகத் தாம்பரம் ஏற்கெனவே ஆகிவிட்டது, மேற்பார்வை மட்டும் இல்லை. 2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கம் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தபோது, குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டது என்பது மக்களின் குற்றச்சாட்டு. அரசுத் தரப்பு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. குழாய்த் தண்ணீரின் அன்றாட ஆய்வு முடிவு தெருமுனைப் பலகையில் எழுதிப் போடும் வழக்கம் இருந்திருந்தால் அந்தச் சண்டை அரைமணி நேரத்தில் தீர்ந்திருக்கும். சிங்கப்பூர் செலவழித்தது சவ்வுக்கு மட்டும் இல்லை, இதற்கும்தான்.

தாம்பரத்துக்குச் சொந்தமான இடக்கு இரண்டு உண்டு. ஆரஞ்சு கவுன்டி போல நிலத்துக்குள் செலுத்த நமக்கு மணல் இல்லை, பாறை. ஆகவே நடுவில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் வேண்டும். உள்ளூர் ஏரிகள் சிறியவை, அவற்றுக்குள் சாக்கடை வருவதும் இன்னும் நிற்கவில்லை; தூய நீரை அதில் விட்டால் பாலைப் பினாயிலில் ஊற்றுவதுபோல ஆகும். எனக்குத் தெரிந்து பொருத்தமானது செம்பரம்பாக்கம். மேற்குத் தாம்பரத்திலிருந்து எட்டும் தூரம். 3.645 டிஎம்சி கொள்ளும் ஏரியில் ஆண்டுக்கு 1.04 டிஎம்சி மெல்ல மெல்லச் சேரும். கரையிலேயே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2007-இலிருந்து இருக்கிறது. ஏரி நிறைந்து உபரி திறக்கும் வாரங்களில் மட்டும் அனுப்பாமல் நிறுத்திவைக்கலாம். அந்த நாள்களில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், விமான நிலையம் போன்ற பெரிய வாடிக்கையாளர்களுக்குத் திருப்பலாம்.

இரண்டாவது இடக்கு, ஆர்.ஓ.வில் தேறாத 25 விழுக்காடு. 10.8 கோடியில் 2.7 கோடி லிட்டர், நான்கு மடங்கு செறிந்த உப்பும் மருந்து எச்சமும் சுமந்த தண்ணீர். கடலோர ஊருக்கு இது தலைவலி இல்லை. நமக்குக் கடல் பல கிலோமீட்டர் தள்ளி, நடுவில் பள்ளிக்கரணைச் சதுப்பு. சதுப்பில் விடுவது கூடவே கூடாது. கிழக்குக் கடற்கரைவரை தனிக் குழாய், இல்லையென்றால் தேறும் அளவை 85, 90 விழுக்காட்டுக்கு உயர்த்தி மிச்சத்தை ஆவியாக்குவது. இரண்டாவதில் மின்சாரச் செலவு ஏறி, கடல்நீரோடு உள்ள விலை வித்தியாசத்தைத் தின்றுவிடும். ஆகவே என் ஓட்டு குழாய்க்கு. அதன் செலவை முதல் நாளிலேயே மதிப்பீட்டில் சேர்க்கவேண்டும். திட்டம் பாதி வந்தபின் இதைக் கண்டுபிடித்தால் சதுப்புக்குத்தான் ஆபத்து.

கசிவு பற்றி ஒரு வரி: நெறிமுறை 15 விழுக்காடு இழப்பைப் பொறுத்துக்கொள்கிறது. அது 25 ஆக இருந்தால் கூடுதலாகப் போவது நாளொன்றுக்கு 1.35 கோடி லிட்டர், பேரூர் விலையில் 144 கோடி ரூபாய்த் திறன். புதுக் குழாய் போடும்போது பழைய குழாயையும் பார்த்துவிடுவது மலிவு.

எந்தப் பணத்தை எப்போது என்பதில் என் வரிசை இது. பேரூரிலிருந்து நம் பங்கு முதலில் வரட்டும். அது வந்தால்தான் வீட்டுக்குள் 135 லிட்டர் போகும், போனால்தான் 108 லிட்டர் திரும்பும். அதே ஆண்டுகளில் சாக்கடை இணைப்பை முடிக்கவேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தை இரண்டாம் நிலையோடு கட்டினாலும், பக்கத்தில் மூன்றாம் நிலைக்கும் ஆர்.ஓ.வுக்கும் இடம் விட்டுக் கட்டவேண்டும், ஏனென்றால் 2030-களில் தாம்பரத்துக்குள் 20 ஏக்கர் தேடினால் கிடைக்காது. முதல் ஐந்தாண்டு தொழிற்சாலைக்கு விற்று, ஆய்வு முடிவுகளை நாள்தோறும் வெளியிட்டு, பிறகு ஏரி.

இதற்கு வேண்டிய கையொப்பங்கள் நான்கு. பாலாற்றுத் தண்ணீர் குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். கடல்நீரும் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையமும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கையில். செம்பரம்பாக்கம் ஏரி நீர்வளத் துறையின் கையில். தாம்பரத்துத் தெருவுக்கடியில் ஓடும் சாக்கடை மாநகராட்சியின் கையில். நான்கு அலுவலகத்திலும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது, நான்கிலும் வரவு வேறு, செலவு வேறு. 70 வார்டு உறுப்பினர்களில் யாராவது ஒருவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து, தன் வார்டில் எத்தனை வீட்டுக்குச் சாக்கடை இணைப்பு இருக்கிறது, அது எத்தனை லட்சம் லிட்டர் என்று லிட்டரிலேயே பதில் கேட்டால், ஐந்தாவது கணக்கு ஒன்று அன்றைக்குத் தொடங்கும்.